நொக்ஸ் கண்ட கண்டி

கண்டி நாட்டின் மலைகளையும் வயல்களையும் ஆங்கில மொழியிலே முதன்முதல் விரித்துரைத்தவர் அரசதூதரல்லர், வணிகருமல்லர், அந்நாட்டிற் சிறையிருந்த ஒரு மாலுமி.

1660ஆம் ஆண்டிலே ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கலம் திருகோணமலையை அடுத்த கொட்டியாற்றுக் குடாவில் நங்கூரமிட்டது. கலத்தின் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமியர் சிலரும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிபட்டனர். அடுத்த ஆண்டே தந்தை நோயுற்று இறந்தார். தனித்துவிடப்பட்ட மகன் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்துப் பொருளீட்டினார். பின்னர் எலதெத்த என்னும் ஊரிலே நிலம் வாங்கி வீடமைத்தார்.

அமெரிக்க அறிஞர் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையிற் குடிலமைத்து, ஈராண்டுக்குச் சற்று மேலாகத் தாமே விரும்பித் தனித்துறைந்தார். நொக்ஸின் தனிமையோ மன்னன் விதித்தது. ஏறத்தாழ இருபதாண்டு நீண்டது. ஆயினும், காலடியிற் கிடந்ததை ஊன்றி நோக்குதலில் இருவரும் ஒத்தவரே. உழவர் வயலுக்கு நீர் பாய்ச்சும் முறை, மழைக்குக் கூரையாகும் தாளிப்பனை ஓலை, யானை, அட்டை, எறும்பு யாவும் நொக்ஸின் நூலில் இடம்பெற்றன.

1679இல் அவர் தோழர் ஒருவருடன் தப்பி, அனுராதபுரத்து வழியே வன்னித் தமிழர் நிலத்தைக் கடந்து, மன்னாரை அடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

இரண்டரை நூற்றாண்டு கழிந்தபின் அந்நூல் திரையிலே குரல் பெற்றது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக பேசில் றைட் 1934இல் ஆக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப் படத்தில், நொக்ஸின் சொற்களை லயனல் வென்ட் வாசித்தார். அடுத்த ஆண்டு பிரசெல்சில் அப்படம் முதற்பரிசு பெற்றது.

அறிஞர் உலகில் அப்படம்பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. வணிகரின் விலைக்குரல்களைக் கிராமக் காட்சிகளோடு இணைத்து, வாணிகத்தின் ஊடுருவலை நுட்பமாக உணர்த்தியது என்பர் ஒரு சாரார். தோட்டத் தொழிலாளரின் துயரை மறைத்து, மாறாத பழமையொன்றைக் கற்பித்தது என்பர் மற்றொரு சாரார்.

இரண்டாவது கூற்றை எளிதிற் தள்ளிவிடல் இயலாது. கண்டியை அடுத்த லூல்கந்துரவில் 1867இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அத்தொழிலை வளர்த்த கைகளிற் பெரும்பாலன தென்னிந்தியத் தமிழருடையவை. கொழுந்து கொய்யும் பெண்கள் அப்படத்திலே தோன்றுகின்றனர். அவர்தம் வாழ்வை உரைக்கும் குரல் அங்கில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது, அந்த மௌனத்தின் பொருள் மேலும் தெளிவாயிற்று.

சிறைப்பட்ட அயலவனுக்கும் தன் கதையைத் தானே எழுதும் பேறு வாய்த்தது. மலையை வளமாக்கியவர்தம் கதையோ, அவர்தம் வாய்மொழியாலேயே நிறைவுபெற வேண்டியதாகும்.