ஒலிப்பதிவு மென்பொருள் திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

வடமராட்சி கிழக்கில் ஒரு வீட்டுத் திண்ணை. அந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்குச் சின்ன வயதில் பாடிய தாலாட்டை, பிறகு தானே வரிகள் சேர்த்து, இப்போதும் பாடுகிறார் என்று அயல்வீட்டு அக்கா சொல்லியிருந்தார். நான் தவறுதலாக “ஒப்பாரி” என்று சொன்னபோது அம்மா உடனே மறித்தார். “ஆர் சொன்னது அவன் செத்துப்போனான் எண்டு? இது தாலாட்டு.”

மூன்று தடவை போய்வந்த பிறகு பாடச் சம்மதித்தார். “ஒருக்காத்தான் பாடுவன் பிள்ளை.” மைக்கை வைத்து, மடிக்கணினியில் ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தேன். திரையில் ஒரு பிளகினின் பெயர் வந்து அப்படியே நின்றது. அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உது இன்னும் வேலை செய்யேல்லையோ?” என்று கேட்டார். பிறகு அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டார். மென்பொருள் திறந்து முடிய 14 நிமிடங்கள் ஆனது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது பாடினார். ஆனால் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வரிகள் அதில் இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த 14 நிமிடங்களைப் பற்றியது. வயதானவர்களின் குரலை, கூத்துப் பாட்டை, சாட்சியத்தைப் பதிவு செய்யும் பலர் இன்று எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அநேகமாக எல்லோரிடமும் இருப்பது ஒரு பழைய மடிக்கணினிதான். அவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

திறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கியூபேஸ், எஃப்.எல். ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற மென்பொருட்கள் தனியே எல்லா வேலையையும் செய்வதில்லை. இரைச்சலைக் குறைக்க ஒன்று, எதிரொலி சேர்க்க ஒன்று, வயலின் ஒலிக்கு ஒன்று என்று வெளியில் இருந்து சிறிய நிரல்களைச் செருகிக்கொள்கின்றன. அவைதான் பிளகின்கள். ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் உள்ள ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996இல் இதற்காக வி.எஸ்.டி. என்ற பொது முறையை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு யார் செய்த பிளகினையும் அந்த முறையை ஏற்கும் எந்த மென்பொருளிலும் செருகலாம் என்றானது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிளகினின் பெயர் என்ன, அது இசைக்கருவியா ஒலித்திருத்தமா, எத்தனை ஒலிவழிகளை ஏற்கும் என்பவை பழைய வி.எஸ்.டி. முறையில் கோப்பின் வெளியே எழுதப்பட்டிருப்பதில்லை. அதை அறிய மென்பொருள் அந்தப் பிளகினை உண்மையாகவே இயக்கி, விபரங்களைக் கேட்டு, மூடவேண்டும். 200 பிளகின்கள் இருந்தால் 200 தடவை.

ஓமந்தையையும் முகமாலையையும் கடந்துபோனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2002இல் ஏ-9 பாதை திறந்ததில் இருந்து 2006 ஓகஸ்ட்டில் மூடப்படும்வரை அந்த வரிசைகளில் நின்றிருக்கிறோம். எல்லோரும் இறங்கவேண்டும். ஒவ்வொரு பொதியும் திறக்கப்படும். ஒருவருடைய பொதியில் சிக்கல் என்றால் எல்லோரும் காத்துநிற்கவேண்டும். பிளகின் ஸ்கேனும் இப்படித்தான்: 199 பிளகின்கள் ஒழுங்காக இருந்தாலும், பதில் சொல்லாத ஒன்று எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும்.

ஒருமுறை பார்த்த பிளகின்களின் விபரத்தை மென்பொருள் ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த தடவை புதியவற்றையும் மாறியவற்றையும் மட்டும் பார்த்தால் போதும். ஆகவே முதல் தடவை நேரம் எடுப்பது இயல்பு. ஒவ்வொரு தடவையும் எடுத்தால் ஏதோ பிழை இருக்கிறது.

முதலில் காரணத்தைப் பிரித்தறியுங்கள்

எல்லாத் தாமதத்துக்கும் பிளகின் காரணமல்ல. திறக்கும்போது திரையில் வரும் சிறு எழுத்துகளை வாசியுங்கள். அவை எந்தச் சொல்லில் நிற்கின்றன என்பதே முதல் தடயம்.

பிளகின் பெயரில் நின்றால் அது ஸ்கேன் சிக்கல். ஒலி இயக்கி என்ற இடத்தில் நின்றால், வெளியே பொருத்தும் ஒலிப்பெட்டி கழற்றப்பட்டிருக்கலாம். மென்பொருள் இல்லாத ஒன்றைத் தேடுகிறது. எல்லாம் முடிந்து கடைசியில் நின்றால், முன்பு செய்த பெரிய வேலை ஒன்று தானாகத் திறக்கிறது. பெரும்பாலான மென்பொருட்களில், தொடங்கும்போது வெறும் பக்கத்தைத் திற என்று மாற்ற அமைப்பில் இடமுண்டு.

எங்கள் கணினிகளில் அதிகம் காணும் காரணங்கள்

முதலாவது, தேவையற்ற இடங்களில் தேடுவது. வி.எஸ்.டி.3 பிளகின்களுக்கு விண்டோஸில் நிலையான ஒரு கோப்புறை உண்டு. பழைய வி.எஸ்.டி.2 பிளகின்களுக்கு அப்படி இல்லை. எங்கே தேடவேண்டும் என்று நாங்கள்தான் சொல்லவேண்டும். அவசரத்தில் முழு சி டிரைவையும் காட்டிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது மென்பொருள் பிளகின் அல்லாத ஆயிரக்கணக்கான கோப்புகளையும் தட்டிப்பார்க்கும். ரீப்பரில் இந்தப் பட்டியல் பிரிபரன்சஸ் பகுதியில் வி.எஸ்.டி. என்ற தலைப்பின் கீழும், ஏபிள்டனில் அமைப்புகளில் பிளகின் பக்கத்திலும் இருக்கிறது. பிளகின்களை ஒரே கோப்புறையில் சேர்த்து, அதை மட்டும் காட்டுங்கள். கழற்றிவிட்ட பென்டிரைவின் முகவரி பட்டியலில் இருந்தால் அதையும் நீக்குங்கள்.

இரண்டாவது, பென்டிரைவில் கைமாறும் பூட்டுடைத்த பிளகின்கள். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், அந்த ஆண்டு மே மாதம் ஏறக்குறைய 360 ஆனது. தனிநபருக்கான ரீப்பர் உரிமம் 60 டொலர்; அதாவது 12,000 ரூபாய்ப் பொருள் 21,600 ரூபாய் ஆகிவிட்டது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பிளகின் தொகுப்புகளை இங்குள்ள ஒரு பொடியன் எப்படி வாங்குவான்? எனக்கு அவர்களைக் குற்றம் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் பூட்டுடைத்த நிரல் ஸ்கேன் நேரத்தில் தொங்குவதற்கும் மென்பொருளை விழுத்துவதற்கும் வாய்ப்பு அதிகம். அதோடு உளவு நிரலும் சேர்ந்து வரலாம். சாட்சியம் சொன்ன ஒருவரின் குரல் இருக்கும் கணினியில் அது சிறிய விடயமல்ல. என்னுடைய 14 நிமிடங்களுக்கும் காரணம் இப்படி வந்த ஒன்றுதான். அதை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

மூன்றாவது, உரிமம் சரிபார்த்தல். காசு கொடுத்து வாங்கிய சில பிளகின்கள் திறக்கும்போது இணையத்தில் தங்கள் நிறுவனத்தைக் கேட்கும். இணையம் முற்றாக இல்லாவிட்டால் சிலவேளை உடனே விட்டுவிடும். அரைகுறையாக இருந்தால் பதிலுக்குக் காத்திருக்கும். கிராமத்துக்குப் போகமுன் வீட்டில் ஒருமுறை திறந்துபாருங்கள். அங்கே போனதும் வைஃபையை நிறுத்திவிட்டுத் திறந்துபாருங்கள்.

நான்காவது, வைரஸ் காப்பு மென்பொருள். ஒவ்வொரு பிளகின் இயங்கும்போதும் அதுவும் ஒரு தடவை பரிசோதிக்கும்; சோதனைச் சாவடிக்குள் இன்னொரு சோதனைச் சாவடி. தயாரித்தவரிடம் இருந்து நேரே பெற்ற பிளகின்கள் மட்டும் உள்ள கோப்புறைக்கு விலக்குக் கொடுக்கலாம். கைமாறி வந்தவை உள்ள கோப்புறைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, சுழலும் வன்தட்டு. இங்கு விற்கப்படும் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இன்னும் அதுதான் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வாசிக்க அதன் ஊசி அங்குமிங்கும் ஓடவேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஓடும் பாகமே இல்லை. ஒரே ஒரு செலவுதான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எந்தப் பிளகினையும்விட இது பயன் தரும்.

ஆறாவது, மின்வெட்டு. ஸ்கேன் நடக்கும்போது மின்சாரம் போய், பற்றரியும் செத்த கணினி அணைந்தால், விபரம் எழுதிய கோப்பு பழுதாகலாம். பிறகு ஒவ்வொரு முறையும் மென்பொருள் ஆரம்பத்தில் இருந்து தொடங்கும். ரீப்பரில் பழைய விபரத்தை அழித்து மீண்டும் ஸ்கேன் செய்ய ஒரு பொத்தான் உண்டு. ஏபிள்டனில் ஆல்ட் விசையை அழுத்தியபடி மீள்ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் முழுமையாகச் செய்யும். எஃப்.எல். ஸ்டூடியோவில் பிளகின் மேலாளரில் ‘வெரிஃபை’ என்ற தெரிவை எடுத்துவிட்டால் பிளகின்களைத் திறக்காமல் பெயர்களை மட்டும் விரைவாகப் பட்டியலிடும். 2016இல் வந்த கியூபேஸ் 9இல் இருந்து, சிக்கலான பிளகின்கள் தனிப்பட்டியலில் ஒதுக்கப்படுகின்றன. ஸ்டூடியோ மெனுவில் உள்ள பிளகின் மேலாளரில் அதைப் பார்க்கலாம்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வழி

எந்தப் பிளகின் நிறுத்துகிறது என்று திரை காட்டாவிட்டால், பாதிப் பாதியாகப் பிரியுங்கள். 200 பிளகின்களில் 100ஐ வேறு கோப்புறைக்கு நகர்த்தித் திறந்துபாருங்கள். விரைவாகத் திறந்தால் குற்றவாளி நகர்த்திய பாதியில் இருக்கிறது. இல்லாவிட்டால் மற்றப் பாதியில். பிறகு 50, பிறகு 25. எட்டுத் தடவைக்குள் ஒற்றைப் பிளகினில் வந்து நிற்பீர்கள். நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். பழைய வேலை ஒன்று அந்தப் பிளகினைக் கேட்கலாம்.

இதைச் செய்யும்போதே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் எவற்றைப் பயன்படுத்தினேன்? என்னிடம் இருந்த 180க்கு மேற்பட்டவற்றில் நான் உண்மையில் பயன்படுத்தியது 11. மீதியை ஒதுக்கிய பிறகு, அதே கணினியில் மென்பொருள் 25 விநாடிக்குள் திறக்கிறது.

தயாரிப்பாளர்களும் இந்தச் சிக்கலை அறிவார்கள். 2022இல் பிட்விக், யு-ஹி நிறுவனங்கள் வெளியிட்ட கிளாப் என்ற புதிய முறையில், பிளகினை முழுதாக இயக்காமலே விபரத்தைப் பெறலாம். வி.எஸ்.டி.3இலும் விபரத்தைத் தனியான ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் எங்கள் கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் பழையவை. அவற்றுக்கு மேலே சொன்ன வழிகள்தான்.

பதிவு வேறு, திருத்தம் வேறு

இவ்வளவும் எழுதிய பிறகு சொல்லவேண்டிய முக்கியமான விடயம் இதுதான்: ஒருவரின் வீட்டுக்குப் பதிவுக்குப் போகும்போது அந்த மென்பொருளைத் திறக்கத் தேவையே இல்லை. பிளகின்கள் திருத்தத்துக்கானவை. குரலைப் பிடிக்க அவற்றில் ஒன்றும் வேண்டாம். கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, அல்லது நல்ல பதிவுச் செயலி உள்ள கைபேசி போதும். பொத்தானை அழுத்தினால் சில விநாடியில் தயார். கைபேசி என்றால் விமான நிலையில் போடுங்கள். பாட்டின் நடுவில் அழைப்பு வரக்கூடாது.

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, ஒற்றை ஒலிவழி என்று வைத்தால் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 520 மெகாபைட்தான். 32 ஜிகாபைட் அட்டையில் 55 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் மூன்று பிரதிகள் எடுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று வெளித்தட்டில், ஒன்று வேறொரு வீட்டில். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களிடம் வீட்டில் விட்டுவந்த கசெற்றுகளைப் பற்றிக் கேட்டால், மூன்றாவது பிரதி ஏன் வேறு வீட்டில் இருக்கவேண்டும் என்று சொல்வார்கள். பேசியவர் விரும்பினால், 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ போன்ற பொதுச் சேகரத்திலும் சேர்க்கலாம். பெயர் வெளிவரலாமா, கூடாதா என்பதைப் பேசியவரே தீர்மானிக்கவேண்டும்.

1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டும் செய்தியும் கேட்ட தலைமுறை என் அப்பாவின் தலைமுறை. அவர்களிடம் இருந்த கருவி மிக எளியது. சுற்றினால் பாடும், விட்டால் நிற்கும். என்ன பிழை என்று அவர்களுக்கே தெரியும், அவர்களே திருத்துவார்கள்.

அந்த அம்மாவிடம் மூன்றாவது தடவை போகும்போது மடிக்கணினியைக் கொண்டுபோகவில்லை. கையடக்கக் கருவியை மட்டும் திண்ணையில் வைத்தேன். “உந்தப் பெட்டி எங்கை?” என்று கேட்டார். வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். சிரித்தார். இன்று பாடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகனுக்கு எந்த வயதில் நடை வந்தது என்று சொல்லத் தொடங்கினார். கருவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, “நிப்பாட்டவோ அம்மா?” என்று கேட்டேன்.

“வேண்டாம், ஓடட்டும்” என்றார்.