கொன்கோட் ஊரின் விரிவுரைச் சந்தா

சந்தா என்ற சொல் காதில் விழுந்தவுடன் சங்க அங்கத்தவர் சிலர் பின்வாசலைத் தேடுவது எங்கும் உள்ள வழக்கம். தனாதிகாரிகளாக இருந்தவர்கள் இதனை நன்கறிவர். பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் பத்திரிகை கைக்கு வருகின்றது. வாசிகசாலைக்குக் கட்டினால் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றோம். ஆனால், இன்னும் எழுதி முடியாத விரிவுரைகளுக்கு, என்று யார் வந்து எதைப் பேசுவார் என்பதும் முழுவதும் தெரியாத நிலையில், குளிர்காலம் தொடங்குமுன்னரே பணங் கட்டிவைத்த மக்கள் ஒரு காலத்தில் இருந்தனர். அவர்கள் கட்டிய சிறு காசிலிருந்து உலகம் பெற்றது என்ன என்பதையும், அக்காசு பற்றி அவர்களுக்குள் எழுந்த சச்சரவுகளையும் இங்கே சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மாசசூசெற்ஸ் மாநிலத்தில், மில்பரி என்னும் ஊரில், 1826ஆம் ஆண்டில் யோசையா ஹொல்புறூக் என்பவர் ஒரு சங்கத்தைத் தாபித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘லைசியம்’. கிரேக்க ஞானியாகிய அரிஸ்ரோட்டில் ஏதென்ஸ் நகரில் மாணாக்கருக்குப் போதித்த இடத்தின் பெயர் அது. கமக்காரரும் கைத்தொழிலாளரும் ஒன்றுகூடி, ஒருவருக்கொருவர் அறிவு கொளுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்நாட்டில் குளிர்காலம் வந்தால் வயலில் வேலையில்லை, இரவோ நீண்டது, நாடகம் பார்ப்பதைப் பெரியோர் பலர் நல்லொழுக்கத்துக்கு ஒவ்வாதது என்று கருதினர். ஆதலின் இவ்வியக்கம் காட்டுத் தீப்போல் ஊர்தோறும் பரவியது. சில ஆண்டுகளுக்குள் லைசியம் இல்லாத ஊரை அப்பகுதியிற் காண்பது அரிதாயிற்று.

சேலம் என்ற துறைமுகப் பட்டினத்தில் 1830ஆம் ஆண்டில் ஒரு லைசியம் எழுந்தது. (நம்மவர் அறிந்த தென்னிந்தியச் சேலத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.) அங்கு ஒரு பருவத்து விரிவுரைகளுக்கான சீட்டின் விலை ஆண்களுக்கு ஒரு டொலர், பெண்களுக்கு எழுபத்தைந்து சதம். விலையைக் குறைத்தார்களே என்று மகிழ்வதற்கில்லை. ஓர் ஆண்மகன் அறிமுகஞ் செய்துவைத்தாலன்றிப் பெண்ணொருத்தி சீட்டுப் பெற முடியாது. அறிவுக்கு வாசல் திறந்தவர்கள், அந்த வாசலில் ஒரு காவற்காரனையும் உடன் நிறுத்தினார்கள். அக்காவற்காரனை நாம் பின்னரும் சந்திப்போம்.

இனிக் கொன்கோட்டுக்கு வருவோம். பொஸ்ரன் நகரிலிருந்து ஏறக்குறைய இருபது மைல் தூரத்தில், அக்காலத்தில் இரண்டாயிரம் பேரளவில் வாழ்ந்த ஒரு சிற்றூர் அது. அங்கு லைசியம் தோன்றியது 1829இல். நம்மிடையே நூல்கள் வாயிலாக அறிமுகமான இருவர் இச்சங்கத்தின் அங்கத்தவர்களாயிருந்தனர். ஒருவர் றல்ப் வால்டோ எமேர்சன். கிறித்தவ குருவாயிருந்த இவர், 1832இல் அப்பதவியைத் துறந்து, பேச்சையே தொழிலாகக் கொண்டார். பொஸ்ரனில் தாமே மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தாமே விளம்பரஞ் செய்து, பன்னிரண்டு விரிவுரை கொண்ட தொடர்களுக்குச் சீட்டு விற்றதும் உண்டு. ஊரூராகச் சென்று பேசியதைத் திருத்தித் திருத்தி, கடைசியில் கட்டுரைகளாக அச்சேற்றினார். ஆகவே நாம் இன்று நூலிற் படிக்கும் எமேர்சன், முதலிற் சீட்டு வாங்கியவர்களின் காதுக்கே எழுதினார். அவர் பட்ட பாடும் சொல்லத் தக்கதே. 1855ஆம் ஆண்டின் இறுதியில் மேற்குப் பகுதிகளுக்குச் சென்றபோது, உறைந்து கிடந்த மிசிசிப்பி நதியை மூன்று முறை கால்நடையாகவே கடந்ததாக வீட்டுக்கு எழுதினார். வண்டி வரவில்லை என்று கூட்டத்துக்கு வராதிருக்கும் பேச்சாளர்கள் இதனைக் கவனிப்பார்களாக!

மற்றவர் அவருடைய இளைய நண்பர் ஹென்றி டேவிட் தோறோ. இவர் சிலகாலம் கொன்கோட் லைசியத்தின் காரியதரிசியாகவும், பேச்சாளரை ஒழுங்கு செய்யும் பொறுப்பாளராகவும் இருந்தார். 1842–43ஆம் ஆண்டுப் பருவத்திலே நூறு டொலர் அளவான செலவில் இருபத்தைந்து விரிவுரைகளை நடத்திக் காட்டினார். மண்டபம், விளக்கு, விறகு எல்லாம் அதற்குள் அடக்கம். பேசியவர் பலர் அவ்வூரவரும் அயலவரும் ஆதலால் கூலி கேட்கவில்லை. ‘வால்டன்’ என்ற நூலில் இவர் தம்மூரார் போடும் இருவகைக் கணக்குகளை அருகருகே வைத்துக் காட்டுகின்றார். நகர மண்டபம் கட்டப் பதினேழாயிரம் டொலர். குளிர்கால லைசியத்துக்கு ஆண்டுதோறும் சேரும் சந்தா நூற்றிருபத்தைந்து டொலர். ஊரில் தண்டப்படும் பணத்தில் இதைப் போலப் பயன்பட்டது வேறில்லை என்பது அவர் முடிவு. கட்டடத்துக்கு அள்ளிக் கொடுத்து, அதற்குள் நடக்க வேண்டியதற்குக் கிள்ளிக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்கருக்கு மாத்திரம் உரியதன்று என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

பருவச் சந்தாவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பேச்சுக்கு மாத்திரம் சீட்டு வாங்குபவன் தனக்குப் பிடித்த பேச்சாளரைத் தேர்ந்து கேட்கலாம். பருவம் முழுவதற்கும் கட்டியவனோ பிடித்ததையும் பிடிக்காததையும் கேட்டேயாக வேண்டும். கட்டியவனுக்கு, “என் பணத்தில் இவன் பேசுவதா?” என்று கேட்கும் உரிமையும் உண்டாகிவிடுகின்றது. கொன்கோட்டில் இந்தக் கேள்வி அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடிய வென்டல் பிலிப்ஸ் என்பவரைக் குறித்து எழுந்தது. அவர் சிறந்த நாவலர். அடிமைத்தனத்தைப் பற்றியே பேசுவார். ஊர்ப் பெரியோர் சிலர் இது லைசியத்துக்கு ஏற்ற பொருளன்று, பிளவை உண்டாக்கும் பொருள் என்று தடுத்தனர். 1845ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதுபற்றிப் பெரிய வாக்குவாதம் நிகழ்ந்தது. எதிர்த்த பொறுப்பாளர்கள் பதவி விலகினர். அவ்விடத்துக்கு எமேர்சன், தோறோ முதலியோர் தெரிவு செய்யப்பட்டனர். மார்ச் 11ஆம் திகதி பிலிப்ஸ் வந்து பேசினார். தோறோ அதைப் புகழ்ந்து ‘லிபறேற்றர்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எமது எண்ணத்தில், அந்தச் சங்கத்தின் வரலாற்றிலே மிகச் சிறந்த நாள் அந்தத் தெரிவு நடந்த நாளேயாகும்.

யார் பேசலாம் என்பது கொன்கோட்டின் கேள்வி. யார் இருந்து கேட்கலாம் என்பது அதே ஆண்டின் பிற்பகுதியில் நியூ பெட்போட் என்ற துறைமுக நகரத்தில் எழுந்த கேள்வி. திமிங்கில வேட்டையாற் செழித்த நகரம் அது. தெற்கிலிருந்து தப்பி வந்த கறுப்பு மக்கள் பலர் அங்கு குடியேறி உழைத்து வாழ்ந்தனர். அந்நகரத்து லைசியம், கறுப்பர் அங்கத்தவராக முடியாது, வேண்டுமானால் மேல்மாடத்தில் பணமில்லாமல் இருந்து கேட்கலாம் என்று தீர்மானித்தது. இலவசம் என்று கேட்கும்போது தயவு போலத் தோன்றும். பணங் கொடுத்துச் சமமாக அமரும் உரிமையைப் பறிப்பதற்கு அதைவிட நயமான உபாயம் வேறில்லை. ஒரே மண்டபத்தில் யார் எங்கே அமர்வது, யார் வாசலோடு நிற்பது என்ற வழக்கு நம் நாட்டவருக்குப் புதியதன்று. கோவில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அதை நாம் அறிவோம்.

செய்தி எமேர்சனுக்கு எட்டியது. அங்கு பேசுவதற்கு ஒப்புக்கொண்டிருந்த அவர் வர மறுத்து எழுதிவிட்டார். பின்னாளில் பெரும் அரசியல்வாதியாக விளங்கிய சாள்ஸ் சம்னரும் மறுத்தார். முன்னர் அடிமையாயிருந்து தப்பி அந்நகரத்தில் வாழ்ந்த பிரெடெறிக் டக்ளஸ், தம் சுயசரிதையில் இதனைக் குறிப்பிட்டு, இத்தகையோர் பேச மறுத்த பின்பே அக்கட்டுப்பாடு கைவிடப்பட்டது என்கின்றார். பேச்சாளன் பேசாதிருந்து செய்த தொண்டு இது. பேச்சுக்குப் பணம் பெற்று வாழ்பவர்கள் அந்தப் பணத்தை விட்டார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தோறோ 1845 ஜூலையில் வால்டன் குளத்தங்கரையில் ஒரு சிறு குடிலை அமைத்துத் தனியே வாழச் சென்றார். எமேர்சன் வாங்கியிருந்த பகவத்கீதை மொழிபெயர்ப்பை அங்கு வாசித்தார். சாள்ஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து 1785இல் வெளியிட்ட நூல் அது. என்ன உண்கிறீர், தனிமையாயில்லையா என்றெல்லாம் ஊரார் கேட்கவே, 1847 பெப்ருவரியில் லைசியத்தில் தம் வாழ்க்கையைப் பற்றியே பேசினார். ‘வால்டன்’ நூலின் கரு அதுவே. இடையில், 1846இல், அடிமைத்தனத்தைக் காக்கும் அரசுக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று ஓரிரவு சிறையிலும் இருந்தார். அதற்கும் ஊரார் விளக்கங் கேட்டனர். 1848ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி அரசுக்கும் தனிமனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றி அதே லைசியத்தில் விரிவுரை நிகழ்த்தினார். வந்திருந்தோர் கவனமாகக் கேட்டனர் என்று அவர் நண்பர் அல்கொட் தம் நாட்குறிப்பில் எழுதினார். வரி கட்டாதவன் ஏன் கட்டவில்லை என்பதைக் கட்டியவர்கள் சந்தா கொடுத்து இருந்து கேட்டார்கள்! இவ்விரிவுரையே 1849இல் அச்சாகி, நாளடைவில் உலகெங்குஞ் சென்றது. தென்னாபிரிக்காவிற் காந்தியடிகள் 1907இல் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் அதிலிருந்து பகுதிகளை வெளியிட்டார். சத்தியாக்கிரகம் தோறோவிடமிருந்து பிறந்தது என்று சொல்வார் உளர், அது சரியன்று. அக்கட்டுரை கைக்குக் கிட்டுமுன்னரே எதிர்ப்பு நன்கு முன்னேறியிருந்தது என்று அடிகளே 1935இல் தெளிவாக எழுதியுள்ளார். துணை கிடைத்தது என்பதே உண்மை.

இங்கே நம் ஊரை நினையாமலிருக்க முடியவில்லை. தோறோ அவ்விரிவுரையை நிகழ்த்துவதற்கு இருபத்தாறு நாட்களுக்கு முன், 1847 டிசெம்பர் 31ஆம் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பின்னர் அது வெள்ளிக்கிழமைதோறும் நடந்தது. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆயினும் பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிசன் 1816ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் வேலை செய்துவந்தது. அதே மாசசூசெற்ஸ் மக்கள் கொடுத்த காசு தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் செலவாயிற்று. பாதிரிமார் கைக்கொண்ட பிரசங்க முறையையே எடுத்துத் தம் சமயத்துக்கு ஆக்கிக்கொண்டவர் நாவலர்.

உள்நாட்டு யுத்தத்தின் பின் லைசியத்தின் போக்கு மாறிற்று. 1868இல் ஜேம்ஸ் றெட்பாத் பொஸ்ரனில் ஒரு முகவர் நிலையத்தைத் திறந்தார். பேச்சாளரை ஊர்களுக்கு அனுப்பி, பத்துக்கு ஒன்று தரகு பெற்றார். மார்க் ருவெயின் போன்றோர் அவர் மூலம் ஊரூராகப் பேசினர். ஊரவர் தாமே கூடித் தாமே தெரிந்த காலம் போய், பெயர் பெற்றவருக்கு விலை பேசும் காலம் வந்தது. விவேகானந்த சுவாமிகளும் 1893இல் சிக்காகோ மகாசபையின் பின் இத்தகைய ஒரு முகவர் நிலையத்துடன் ஒப்பந்தஞ் செய்து பல நகரங்களிற் பேசினார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. 1894இல் விலகி, பின் நியூயோர்க்கில் சிறு அறைகளில் கட்டணமின்றி வகுப்பு நடத்தினார்.

கொன்கோட் மாத்திரம் தன் பழைய முறையை எளிதில் விடவில்லை. 1880ஆம் ஆண்டு பெப்ருவரியில் எமேர்சன் அவ்வூர் லைசியத்தில் தம் நூறாவது விரிவுரையை வாசித்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தாறு. ஞாபகம் தளர்ந்து, தெரிந்த பொருள்களின் பெயர்கூட நாவுக்கு வராத நிலை. அவர் உள்ளே நுழைந்தபோது மண்டபத்தில் இருந்தோர் அனைவரும் எழுந்து நின்றனர். எல்லோரும் அமர்ந்த பின், அவர் தம் ஏட்டை விரித்து வாசிக்கத் தொடங்கினார்.