கோப்புப் பாதையும் தமிழ்ப் பெயரும்

ஏட்டுச்சுவடிகள் செல்லுக்கும் நீருக்கும் இரையாயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தழிந்தன. அந்நினைவு மாறாத தலைமுறையினர் ஈழத்து நூல்களைக் கணினியில் ஏற்ற முற்பட்டபோது இன்னொரு வகை இழப்பும் எதிர்ப்பட்டது. நூல் சேவையகத்தில் இருக்கும். கணினியோ அத்தகைய கோப்பு இல்லை என விடையிறுக்கும். பாதை பிழைத்துவிடுவதே காரணம்.

கோப்புப் பாதை என்னும் எண்ணக்கரு, 1965 இல் மல்ரிக்ஸ் முறைமைக்கென டேலியும் நியூமனும் வெளியிட்ட கட்டுரையில் தெளிவுற வகுக்கப்பட்டது. அடைவினுள் அடைவாகக் கிளைக்கும் மரத்தில், வேரிலிருந்து சொல்லப்படுவது முழுப்பாதை; பயனர் நிற்கும் அடைவிலிருந்து சொல்லப்படுவது சார்புப்பாதை. பின்வந்த யுனிக்ஸ் பெயர்களுக்கிடையே சாய்கோட்டை இட்டது. மைக்ரோசொப்ற் நிறுவனமோ அக்கோட்டைக் கட்டளைகளின் தெரிவுகளுக்கு ஏற்கெனவே வழங்கிவிட்டமையால், 1983 இன் டொஸ் இரண்டாம் பதிப்பில் பின்சாய்கோட்டைக் கைக்கொண்டது. வீட்டுக் கணினியில் ஓடிய நிரல் சேவையகத்தில் இடறுவதற்கு இப்பிரிவும் ஒரு காரணமாம்.

ஆயினும் பெரும்பாலான பிழைகள் சார்புப்பாதையிலேயே பிறக்கின்றன. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக மூன்றாம் ஒழுங்கை என்றால் வெள்ளவத்தையில் நிற்பவருக்குப் போதும். கொட்டாஞ்சேனையில் நிற்பவருக்கு அது வழியாகாது. தன் அடைவில் நின்று இயக்கும்போது செவ்வனே ஓடும் நிரல், குறித்த நேரத்தில் கிரோன் இயக்கும்போது பயனரின் இல்ல அடைவில் நின்று தேடித் தோற்கிறது. நிரல் தான் இருக்கும் இடத்தை முதலில் அறிந்து, அதிலிருந்து ஏனைய பாதைகளைக் கணிப்பதே தக்க தீர்வு. முழுப்பாதையைப் பத்திடங்களில் எழுதிவைப்பது, சேவையகம் மாறும் நாளில் பத்துப் பிழைகளாகும்.

தமிழ்ப் பெயர்களில் இடர் மிகுதி. 'கொட்டாஞ்சேனை' என்னும் பெயரின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகள் பைற்றுகளையே ஒப்பிடுவதால், 36 பைற்று கொண்ட முதல் வடிவமும் 39 பைற்று கொண்ட மற்றையதும் அவற்றுக்கு வெவ்வேறு கோப்புகள். மக்கின்ரோஷின் பழைய கோப்புமுறை பெயரைப் பிரித்தே சேமித்தமையால், அங்கிருந்து படியெடுத்த கோப்பை லினக்ஸ் சேவையகத்தில் தேடுவோர் ஏமாறுவதுண்டு. பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றிய பின்னரே பதிதல் வேண்டும். லினக்ஸில் கோப்புப் பெயரின் வழக்கமான எல்லையோ 255 பைற்று. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்று செல்வதால், நீண்ட நூற்பெயர் விரைவில் எல்லையை எட்டும்.

2005 இல் தொடங்கி, வெள்ளவத்தையில் அலுவலகம் அமைத்தும் இயங்கிவந்த 'நூலகம்' மின்னூலகத்தின் அடைவமைப்பு ஈண்டு நோக்கத்தக்கது. அங்கு நூல்கள் எண்ணாலேயே வைக்கப்பட்டன. 352 ஆம் நூல், 04 என்னும் அடைவினுள் 352 என்னும் அடைவில் அதே எண்ணுடன் கிடக்கும், நூறுக்கு ஓரடைவு. ஒகரக் குறியும் பைற்றெல்லையும் இப்பாதையைத் தீண்டமாட்டா. இதற்கொரு விலையும் உண்டு. எண் ஊமை; ஆசிரியரையோ பொருளையோ அது சொல்லாது. தமிழ்ப் பெயர்கள் விக்கி முறையிலான பட்டியற் பக்கங்களிலேயே உள்ளன. ஆதலின் கோப்புகளை மட்டும் படியெடுத்துப் பட்டியலை விட்டுவிடுபவர் கையில் எஞ்சுவது, எது எந்நூலென்று திறந்து பார்த்தே அறியவேண்டிய எண்குவியல்.