தோல் பதனிடும் வட்டாரத்து நாணயங்களில் அச்சுப்பிழையும் சேதமும்: பிரித்தறியும் முறை

நாணயச்சாலையின் வாசலைத் தாண்டுமுன் காசுக்கு நேர்ந்த கோளாறு அச்சுப்பிழை. தாண்டிய பின் நேர்ந்தது, எவ்வளவு விநோதமாகத் தோன்றினாலும், சேதம். எல்லை தெளிவானது. கையில் இருக்கும் ஒரு காசு எல்லையின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று சொல்வதுதான் கடினம். சேகரிப்போர் சேதம் என்றதும் சுத்தியல் அடி, துளை, அராவல், தீ ஆகியவற்றையே பெரும்பாலும் நினைக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையில் பரவியிருக்கும் தோல் பதனிடும் வட்டாரத்துக்கு இது போதாது. சுண்ணாம்பு, சோடியம் சல்ஃபைடு, கந்தக அமிலம், கல்லுப்பு, குரோமிய உப்பு ஆகியவை அன்றாடம் புழங்கும் இடத்தில் வேதிப்பொருள் காசின்மேல் செய்யும் வேலை அச்சுப்பிழையின் சாயலுக்கு மிக நெருங்கி வரக்கூடும். ஆகவே இங்கு கிடைக்கும் காசை ஆராய்பவர் உலோகம் எப்படி நசுங்கியது என்பதோடு, எப்படிக் கரைந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இரண்டு கேள்விகளுக்கும் விடை நாணயம் உருவாகும் வரிசையில் இருக்கிறது. உலோகம் தகடாக உருட்டப்படுகிறது. தகட்டிலிருந்து வெற்று வில்லைகள் வெட்டப்படுகின்றன. வில்லையின் ஓரம் அழுத்தி எழுப்பப்படுகிறது. கடைசியாக, காலர் எனப்படும் வளையத்துக்குள் மேலச்சும் கீழச்சும் ஒரே அழுத்தில் இரு முகங்களையும் பதிக்கின்றன. பிழை வில்லையில் நேரலாம், அச்சில் நேரலாம், அழுத்தும் கணத்தில் நேரலாம். இம்மூன்றில் ஒன்றாலும் விளக்க முடியாத தோற்றம் பிழையாக இருக்க இயலாது. "இப்படி ஒரு காசைப் பார்த்ததே இல்லை" என்பது சான்றாகாது. எந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்ல முடிவதே சான்று.

வட்டாரத்துக்கே உரிய சிக்கலை அலுமினியக் காசில் நன்றாகக் காணலாம். 1971 முதல் வந்த நெளிவு விளிம்புப் பத்துப் பைசா 26 மில்லிமீட்டர் அகலமும் 2.3 கிராம் எடையும் கொண்டது. தோலிலிருந்து மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியின் நீர் கடும் காரத்தன்மை உடையது. அலுமினியம் அமிலத்தைப் போலவே காரத்திலும் கரையும். அதில் ஊறிய பத்துப் பைசா தாள்போல் மெலிந்து, எடையில் பாதியையும் இழக்கலாம். எழுத்தும் சிங்க முத்திரையும் மட்டும் வாசிக்கும் அளவுக்கு எஞ்சியிருக்கும். இதை "மெல்லிய வில்லைப் பிழை" என்று கொள்ள மனம் எளிதில் இடம் கொடுக்கும்.

வேறுபாடு எழுத்தின் வடிவில் இருக்கிறது. மெல்லிய வில்லை அச்சுக்குள் போனால் அச்சின் பள்ளங்களை நிரப்ப உலோகம் போதாது. எழுத்து மழுங்கலாக எழும், ஓரம் பலவீனமாக இருக்கும், ஆனால் அகலம் குறையாது. காரத்தில் கரைந்த காசில் உலோகம் எல்லாத் திசையிலும் போகிறது. அகலமும் சுருங்கும், எழுத்துகளின் கோடுகள் இருபுறமும் தின்னப்பட்டு ஊசிபோல் மெலியும், எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெளி அகன்று தெரியும். மழுங்கிய எழுத்தும் மெலிந்த எழுத்தும் ஒன்றல்ல. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் இந்த ஒரு குறியைப் பார்த்தாலே பெரும்பாலான ஐயங்கள் தீரும்.

ஐந்து ரூபாய் காசில் சிக்கல் நிறத்தில் வருகிறது. 2009-க்குப் பின் வந்த பொன்னிறக் காசு செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்தது. எடை 6 கிராம், அகலம் 23 மில்லிமீட்டர். உப்பும் அமிலமும் சேர்ந்த நீரில் இத்தகைய கலவை கிடந்தால் துத்தநாகம் முதலில் வெளியேறி, செம்பு மேற்பரப்பில் தங்கும். தோலைப் பதப்படுத்துவதற்கு முன் ஊறவைக்கும் 'பிக்கிள்' நீர் இதே சேர்க்கைதான். அப்போது கிடைப்பது சிவந்த ஐந்து ரூபாய். சந்தையில் அதற்கு வைக்கப்படும் பெயர் "செம்புப் பிழை". வேறு உலோக வில்லையில் உண்மையாகவே அடிக்கப்பட்ட காசில், உலோகத்தின் அடர்த்திக்கும் வில்லையின் பருமனுக்கும் ஏற்ப எடை மாறும்; பரப்பு மூடியதாக, புழக்கத்துக்கு ஏற்ற பளபளப்போடு இருக்கும். துத்தநாகம் இழந்த காசின் பரப்பில் நுண்துளைகள் தெரியும், பளபளப்பு இருக்காது, எடை சற்றுக் குறைந்திருக்கும். புழக்கத்தில் தேயும் மேட்டுப் பகுதிகளில் சிவப்பு நீங்கி உள்ளே மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

சோடியம் சல்ஃபைடு வெள்ளியையும் செம்புக் கலவைகளையும் கறுக்க வைக்கும். கறுத்த செம்பு–நிக்கல் காசைத் தவறான சூட்டில் பதப்பட்ட வில்லை என்று சொல்பவர் உண்டு. கருமை எழுத்தின் அடிவாரத்தில் தடித்தும் மேட்டில் மெலிந்தும் இருந்தால் அது பின்னால் படிந்தது. 1992 முதல் வந்த எவர்சில்வர் ரூபாய் இரும்பும் குரோமியமும் கலந்தது. தோலைப் பதப்படுத்தும் உப்பிலுள்ள அதே குரோமியம்தான் இங்கே காசைத் துருவிலிருந்து காக்கிறது. ஈரமான உப்புத்தோலோடு கிடந்தால் இக்காசும் குண்டூசிக் குழிகளாக அரிபடும். ஆழமான, வாய் குறுகிய, ஒழுங்கற்ற குழி அரிப்பு. அச்சு உடைந்ததால் வரும் குறியோ எப்போதும் காசில் மேடாகவே எழும், ஏனெனில் அச்சில் விரிசல் விட்ட பள்ளத்துக்குள் உலோகம் ஏறுகிறது. விரிசல் குழியாகத் தெரிந்தால் அது அச்சின் விரிசல் அல்ல.

பத்து ரூபாய் தனிக் கவனம் கேட்கிறது. 27 மில்லிமீட்டர் அகலமும் 7.71 கிராம் எடையும் கொண்ட இக்காசில் வளையமும் நடுவட்டும் வெவ்வேறு உலோகம். உப்புநீர் இரண்டும் சேரும் கோட்டில் தங்கி அரித்தால் நடுவட்டு தளர்ந்து கழன்றுவிடும். திருப்பிச் செருகினால் "மாறிய நடுவட்டு" ஆகிவிடும். அச்சு விழும் அதே அழுத்தில்தான் வளையமும் நடுவட்டும் இறுகிப் பிணைகின்றன. ஆகவே உண்மையான பிழையில், நடுவட்டு எவ்வளவு விலகி இருந்தாலும், அச்சின் கோடுகள் எல்லையைத் தாண்டி முறியாமல் தொடரும். தொடர்ச்சி அறுந்திருந்தால் காசு பிரிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டது. வடிவ வேறுபாடு பிழையல்ல என்பதும் இங்கே சொல்லத்தக்கது. பத்து ரூபாய் 14 வடிவங்களில் வெளிவந்திருப்பதாகவும் அனைத்தும் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டின் பல ஊர்க் கடைகளில் அக்காசு மறுக்கப்பட்டது; சாதாரண மக்களுக்கு அதனால் நேர்ந்த இழப்பு தவிர்த்திருக்கக்கூடியது.

எந்திரச் சேதங்களில் மிகவும் ஏமாற்றுவது, இரண்டு காசுகளை வைஸில் வைத்து இறுக்குவது. ஒரு காசின் படம் மற்றதில் இடவலம் மாறிக் குழியாகப் பதியும். நாணயச்சாலையிலும் இப்படி நேர்வதுண்டு: அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் தன் படத்தைப் பதிக்கும். ஆனால் அங்கே விழுவது வெற்று வில்லையின் மேல். அந்த முகத்தில் குழிப்படம் மட்டுமே இருக்கும். வைஸில் நசுங்கிய காசில் குழிப்படத்தின் அடியில் பழைய எழுத்து மிச்சமிருக்கும், எதிர்முகம் தட்டையாகியிருக்கும். ஓரம் பிறைபோல் வெட்டுப்பட்ட காசிலும் எதிர்ப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வில்லையிலேயே வெட்டு இருந்திருந்தால் ஓரம் எழுப்பும்போது நேரெதிரே அழுத்தம் குறைந்து விளிம்பு மங்கும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பர். பட்டறையில் வெட்டியதில் எதிர் விளிம்பு முழுமையாக நிற்கும். எல்லா வெட்டிலும் இவ்விளைவு தெளிவாகத் தெரிவதில்லை. தெரிந்தால் வலுவான சான்று.

எந்தத் தரத்தோடு ஒப்பிட்டுப் பிழை என்கிறோம் என்ற கேள்வியை இவ்வட்டாரத்தின் பழைய காசே எழுப்புகிறது. ராணிப்பேட்டைக்கு எதிர்க்கரையில் உள்ள ஆற்காட்டின் பெயர் தாங்கிய வெள்ளி ரூபாயை நவாபும், 1736-இல் உரிமை பெற்றுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், சென்னையில் ஆங்கிலேயரும் அடித்தனர். பிறைக் குறி பிரெஞ்சுக் காசையும் தாமரைக் குறி ஆங்கிலேயர் காசையும் காட்டும். கையால் அடித்த இக்காசுகளில் அச்சு வில்லையைவிடப் பெரியது. வாசகத்தின் ஒரு பகுதி வெளியே விழுந்துவிடுவதே வழக்கம். இன்றைய ரூபாயில் பிழையாகும் ஒன்று அங்கே இயல்பு. பரப்பில் காணும் சிறு முத்திரைகள், காசு மாற்றுவோரான சராபுகள் வெள்ளியைச் சோதித்துக் குத்தியவை. வரையறைப்படி சேதம், ஆனால் அக்காசு எவர் கைகளில் புழங்கியது என்பதற்கான ஆவணம், ஆதலால் அவற்றைத் தேய்த்து நீக்குவது அறிவுக்குச் செய்யும் கேடு. 1807-இல் சென்னையில் எந்திரத்தில் அடித்த இரட்டை ரூபாய்களில் அடியில் ஸ்பானிய டாலரின் படம் தெரிவதுண்டு. அது இருமுறை அடித்த பிழையல்ல. டாலரையே வில்லையாகக் கொண்டதன் விளைவு.

எடையைச் சட்டமும் கருத்தில் கொள்கிறது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, சிதைக்கப்படாமலும் குறித்த அளவுக்குக் கீழே எடை இழக்காமலும் இருக்கும் காசே செல்லுபடியாகும். ஆகவே நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு முதல் கருவி, உருப்பெருக்கி இரண்டாவது. காசைக் கழுவுவது இரண்டுக்கும் பிறகு, முடிந்தால் கழுவாமலே விடுவது.

கடைசியாக, இல்லாத நாணயச்சாலைக் குறிகள். ஆண்டுக்குக் கீழே புள்ளி நொய்டாவையும், நட்சத்திரம் ஹைதராபாதையும், வைரவடிவம் மும்பையையும் குறிக்கும். கொல்கத்தாக் காசில் குறி இல்லை. நொய்டாவின் சிறு புள்ளி அரிப்பிலோ எமரித் தாளிலோ போய்விட்டால் காசு கொல்கத்தாவுடையதாகத் தோன்றும், அல்லது "குறி விடுபட்ட பிழை" என்று விலை பேசப்படும். அச்சின் பள்ளத்தில் மசகும் தூசியும் அடைத்ததால் குறி விடுபட்டிருந்தால் அந்த இடம் சுற்றுப்பரப்போடு ஒரே மட்டத்தில், ஒரே பளபளப்போடு இருக்கும். தேய்த்து நீக்கியிருந்தால் அங்கே மட்டம் சற்றுத் தாழ்ந்து ஒரே திசையில் கீறல் ஓடும். அரித்துப் போயிருந்தால் பக்கத்திலுள்ள ஆண்டு இலக்கங்களும் மெலிந்திருக்கும்.