தாயத்துக் கூட்டுக்குள் ஓர் அச்சு வரலாறு

நம்மவரின் அச்சு வரலாற்றைப் பேசுவோர் 1882இல் சித்திலெப்பை வெளியிட்ட ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையிலிருந்து தொடங்குவது வழக்கம். சற்று முன்னே போகிறவர்கள் 1869இல் கொழும்பில் மலாய் மொழியில் வெளிவந்த ‘ஆலமத் லங்காபுரி’யைக் குறிப்பிடுவார்கள். உலக முஸ்லிம்களைப் பற்றிய பேச்சானால், இஸ்தான்பூலில் இப்ராஹீம் முதபர்ரிகா முதல் நூலை அச்சிட்ட 1729ஆம் ஆண்டு வந்துவிடும். அச்சுக்கலையைக் காலந்தாழ்த்தியே கைக்கொண்டோம் என்ற பழியும் கூடவே வரும்.

அந்தப் பழி முழுவதும் சரியல்ல. ஜெர்மனியில் குட்டன்பேர்க் பைபிளை அச்சிட்டது 1455ஆம் ஆண்டளவில். அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, பாத்திமிய்யாக்கள் ஆண்ட எகிப்தில் அரபு எழுத்து காகிதத்தில் அச்சேறிவிட்டது. அச்சேறியவை கழுத்திலும் கையிலும் கட்டிக்கொள்ளும் தாயத்துகள்.

ஒடுங்கிய நீளமான காகிதத் துண்டுகள் அவை. மேலே ஒரு பூவேலை அல்லது ஆறுமுனை நட்சத்திரம். கீழே குர்ஆன் ஆயத்துகள், அல்லாஹ்வின் திருநாமங்கள், பாதுகாப்புத் தேடும் துஆக்கள். சுருட்டியோ மடித்தோ சிறு ஈயக் கூட்டில் வைத்து, நூல் கோத்து அணிந்திருக்கிறார்கள். எகிப்திய மண்ணில் கிடைத்த இத்தகைய தாள்கள் இன்று வியன்னாவிலும் கேம்பிரிஜிலும் நியூயோர்க்கிலும் பாதுகாக்கப்படுகின்றன. மரக்கட்டையில் செதுக்கி அடித்தார்களா, உலோகத்தில் வார்த்த அச்சால் அடித்தார்களா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமைப்பாடில்லை.

வியப்பு என்னவென்றால், இதைப் பற்றி அக்கால உலமாக்களோ வரலாற்றாசிரியர்களோ பேசவில்லை என்றே சொல்லலாம். பேசியவர் ஒரு கவிஞர். 10ஆம் நூற்றாண்டின் அபூ துலஃப், ‘பனூ ஸாஸான்’ எனப்பட்ட பிச்சைக்காரர், வித்தைக்காரர், ஏமாற்றுக்காரர் கூட்டத்தின் குழூஉக்குறிகளை வைத்து நீண்ட கஸீதா ஒன்று பாடினார். தாயத்து அச்சைச் செதுக்குபவனும் அதில் வருகிறான். அந்த அச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தர்ஷ்’. அகராதிகளில் பொருள் பிடிபடாத அச்சொல்லையும் அருங்காட்சியகத் தாள்களையும் இணைத்து 1987இல் கட்டுரை எழுதியவர் ரிச்சர்ட் புல்லியட் என்ற அமெரிக்கப் பேராசிரியர். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளிடம், கையால் எழுதியதென்று சொல்லி அச்சுத் தாளை விற்றிருக்கலாம் என்பது அவர் ஊகம்.

இந்த ஊகம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. எழுத்துப் பிழைகள் மலிந்த தாள்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் கூஃபி எழுத்தை அத்தனை நேர்த்தியாகச் செதுக்கிய தாள்களும் இருக்கின்றன. ஏமாற்றுவதற்கு அவ்வளவு சிரத்தை எதற்கு? எனினும் இக்கலை தெருவோரத்தாரின் கையில் இருந்ததாலேயே நூலுக்கு ஏறவில்லை என்பது பொருந்துகிறது. கையெழுத்துக் கலைக்கிருந்த மதிப்பும், பிரதி எழுதிப் பிழைத்த ‘வர்ராக்’குகளின் தொழிலும் அதற்கு இடம் விட்டிரா. ஜப்பானிலும் 770ஆம் ஆண்டளவில் பெருந்தொகையாக அச்சிடப்பட்டவை காப்பு மந்திரத் தாள்களே.

நமது கிராமங்களில் லெப்பை எழுதிக் கொடுத்த இசிமை வெள்ளிக் கூட்டில் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவது அண்மைக்காலம் வரை சாதாரணம். இது ஷிர்க்கா, ஆகுமானதா என்ற வாதம் பள்ளிவாசல்களில் குடும்பங்களையே பிரித்தது. அந்தத் தீர்ப்பை மார்க்கம் கற்றவர்கள் சொல்லட்டும். வாத்தியாராகிய என் கவலை வேறு. விக்டோரியா மகாராணி தமது ஒன்பது பிள்ளைகளின் முடியை ஒன்பது இதய வடிவக் கூடுகளில் அடைத்துக் கைச்சங்கிலியில் கோத்திருந்தார். அரச சேகரிப்பில் அது பத்திரமாக இருக்கிறது. எங்கள் மூத்தம்மாமாரின் கூடுகள் எங்கே?

சென்ற வருடம் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மூன்று தலைமுறைக் கூடு ஒன்றை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்ததாம். கையெழுத்தா, அச்சா? யாரும் விரித்துப் பார்க்கவில்லை. ஆயத்து எழுதிய தாள் காலில் படக்கூடாதென்று அதை ஆற்றில் விட்டிருந்தார்கள். கூடு அதற்குள் தட்டாரின் தராசுக்குப் போய்விட்டது.