அட்டபந்தனத்தில் அமைந்த கனிப்பொருள்கள்

திருக்குடமுழுக்கிற்கு எழுந்தருளும் அன்பர்கள் விமானக் கலசத்தில் புனித நீர் சொரியும் காட்சியைக் கண்குளிரக் காண்பர். அதற்கு முன்னர்க் கருவறையுள் நிகழும் அட்டபந்தனம் சாத்துதலைக் கண்டோர் மிகச் சிலரே. மூலத் திருமேனியையும் அஃது அமரும் பீடத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் மருந்தே அட்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுச் சரக்கினை இதற்குச் சொல்வது பெருவழக்கு. இவற்றுள் மரமும் பூச்சியும் ஆவினமும் தந்தவை ஐந்து. சுக்கான், கற்காவி, சாதிலிங்கம் என்னும் மூன்றும் மண்ணின் வயிற்றில் விளைந்தவை. இம்மூன்றன் பிறப்பும் பெயரும் குணமும் அறியின், இம்மருந்தின் அருமை நன்கு புலனாகும்.

முதற்கண், பிணைக்கப்படும் கல்லைப் பற்றி ஒரு சொல். கருங்கல் எனப் பொதுவாக நாம் வழங்குவனவற்றுள் ஒன்று சார்னோக்கைட். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகள் இக்கல்லால் ஆனவை. கல்கத்தாவில் 1693-இல் மறைந்த ஜாப் சார்னோக் என்னும் ஆங்கிலேயர் கல்லறையின் மேல் இக்கல் இடப்பட்டிருத்தலை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார், 1893-இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். பெயர் புதிது, கல்லோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. நிலத்தின் மிக ஆழத்தே, பெருவெப்பத்தில் இறுகியது. இத்தகைய வன்மை மிக்க கற்கள் இரண்டு தாமாகப் பொருந்தா. இடையே நெகிழ்ந்து கொடுக்கும் பொருளொன்று வேண்டும்.

இனிச் சுக்கானைக் காண்போம். மழைநீர் பாறையிலும் மண்ணிலுமுள்ள சுண்ணச் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. வெயிலில் நீர் வற்ற, அச்சத்து மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாகத் திரண்டு சுக்கான்கல் ஆகிறது. வயலைத் தோண்டும் உழவர் இதனை நன்கறிவர். அரியலூர்ப் பகுதியில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லும் இதற்கு உறவினதே. ஆனால் அது பல கோடி ஆண்டுகட்கு முன் அங்குப் பரந்திருந்த கடலின் அடியில் படிந்தது. அதனுள் சங்கினம் போன்ற உயிர்களின் ஓடுகள் இன்றும் கிடைக்கின்றன. பந்தனத்தில் சுக்கான் தூள் பிசினுக்கும் அரக்கிற்கும் உடல் தந்து நிற்கிறது.

அடுத்தது கற்காவி. இரும்பு காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடிய செந்நிறப் பொருளே இதற்கு நிறம் தருவது. இப்பொருளைக் கிரேக்கர் குருதி என்னும் பொருள்படும் சொல்லடியாக ஹேமடைட் என்றனர். மக்களினம் கையாண்ட வண்ணங்களுள் இது மிகப் பழையது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகட்கு முன்பே காவிக்கல்லை அரைத்த சுவடு கிடைத்துள்ளது. நம் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறை ஓவியங்களும் செங்காவி நிறத்தனவே. வெயிலும் மழையும் இந்நிறத்தை எளிதில் வெளிறச் செய்வதில்லை. இரும்பு துருவேறி முடிந்த நிலையே இஃது ஆதலின், மேலும் கெடுதற்கு இடமில்லை. துறவியர் ஆடைக்கும் கோயில் மதிலுக்கும் இந்நிறம் அமைந்தது பொருத்தமே.

மூன்றாவதான சாதிலிங்கம் இம்மூன்றனுள் அரியது. பாதரசமும் கந்தகமும் கூடிய செம்பொருள் இது. சித்த மருத்துவர் இதனை இலிங்கம் என்றே வழங்குவர். வடமொழியில் இங்குலம் என்பர். எரிமலையும் வெந்நீர் ஊற்றும் சார்ந்த நிலங்களில், சுடுநீர் பாறைப் பிளவுகளில் இதனைப் படியவைக்கிறது. ஸ்பெயின் நாட்டு அல்மதேன் சுரங்கம் 2,000 ஆண்டுகட்கு மேல் இதனை உலகிற்கு அளித்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தது. சாதிலிங்கம் நீரைப் போல் எட்டு மடங்கு கனமுடையது, நீரில் கரையாதது. நாள்தோறும் திருமுழுக்கு நிகழும் இடத்திற்கு இக்குணம் இன்றியமையாதது. ஆயினும் தீயிலிட்டால் பாதரசம் ஆவியாய்ப் பிரிந்து மூச்சிற்கு நஞ்சாகும். ஆகவே மருந்து இடிப்போர் இதனை நெருப்பின் அருகே கொண்டு செல்லலாகாது.

இவ்வெட்டும் சேர்ந்து இடிபடுங்கால், அவ்விடியின் சூட்டிலேயே அரக்கும் குங்கிலியமும் மெழுகும் இளகும். வெண்ணெய் குழைவு தரும். பஞ்சின் நூல் ஊடே ஓடிப் பிணைக்கும். மூன்று கனிப்பொருள்களும் திண்மை தரும். சாத்திய பின் மருந்து மெல்ல மெல்ல இறுகும். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து மீண்டும் புதுக்குங்கால், திருமேனிக்கு ஊறின்றி இதனை அகற்றவும் இயலும். காலமும் செலவும் கருதிச் சிலர் இவ்விடத்தில் சிமெண்டை இடத் துணிகின்றனர். அது நெகிழ்வதில்லை, வெடித்தால் அவ்விடுக்கில் நீர் புகும், அகற்ற வேண்டின் உளி எடுக்க நேரும். உளி தவறின், நம் முன்னோர் வழிபட்ட திருமேனி பின்னமுறும். அந்த இழப்பை எப்பொருள் கொடுத்தும் ஈடு செய்ய ஒண்ணாது.

கோபுர வண்ணத்திற்கும் பந்தற்கும் வாரி வழங்கும் புரவலர்கள், கண்ணிற் படாத இந்தக் கைப்பிடி மருந்திற்கும் தம் கருத்தைச் செலுத்துவாராக. எட்டுச் சரக்கும் குறைவின்றியும் கலப்பின்றியும் வந்தனவா என்று உடனிருந்து கேட்டறிதலும் திருப்பணியே. அவ்வாறு அமைந்த பந்தனத்தின் மேல் எம்பெருமான் நிலைபெற்று, அடுத்த குடமுழுக்கு வரையிலும் அதற்கப்பாலும் அடியார்க்கு அருள்புரிவானாக.