சீகூர் யானை வழித்தடத்தின் வரலாறு

சீகூர் பீடபூமி நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள முட்காட்டுப் பகுதி. மேற்கே முதுமலை, பந்திப்பூர் காடுகளையும் கிழக்கே சத்தியமங்கலம் காடுகளையும் இது இணைக்கிறது. தெற்கே சுவர்போல எழும் நீலகிரிச் சரிவு, வடக்கே மாயாற்றின் ஆழமான பள்ளம். யானை மந்தைகள் இரண்டையும் எளிதில் கடக்க முடியாது. ஆகவே கிழக்கு மேற்காகச் செல்ல நடுவிலுள்ள சமநிலத்தையே அவை நம்பியிருக்கின்றன. இங்கிருந்து கிழக்கே இறங்கும் மாயாறு, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியுடன் சேர்கிறது.

மந்தைகள் இடம்பெயர்வதற்கு மழையே முதற்காரணம். முதுமலையின் மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையால் செழிக்கிறது. சீகூர் மழைமறைவுப் பகுதி, ஐப்பசி கார்த்திகையில்தான் நன்றாக நனைகிறது. புல் தளிர்க்கும் காலம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரே காட்டில் ஆண்டு முழுவதும் ஒரு மந்தை வயிறு நிரப்ப இயலாது.

அணையும் மின்நிலையங்களும்

இந்த நிலத்தில் முதலில் கைவைத்தவை நீர்மின் திட்டங்கள். 1932இல் பைக்காரா மின்திட்டம் சிங்காராவில் தொடங்கியது. 1950களில் மாயாறு மின்நிலையமும் அதற்கு நீர் கொண்டு செல்லும் கால்வாயும் அமைந்தன. கட்டுமான வேலைக்கு வந்தவர்கள் தங்கியதில் மசினகுடி ஊராக வளர்ந்தது. செங்குத்தான சுவர்களுடைய அந்தக் கால்வாய், யானைகளுக்கு இன்றும் தாண்ட முடியாத தடை.

பவானிசாகர் அணையின் வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் இந்த அணைக்காகப் பழைய டணாய்க்கன்கோட்டையும் ஆற்றோர ஊர்களும் நீரில் மூழ்கின. ஆற்றங்கரைச் சமநிலம் மறைந்ததால் விலங்குகள் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. கோடையில் நீர் வடியும்போது வெளிப்படும் சேற்றில் புல் முளைக்கிறது. அதை மேய யானைகள் கூட்டமாக இறங்குகின்றன. அணையால் அவற்றுக்குக் கிடைத்த ஒரே ஆதாயம் இதுவாக இருக்கலாம்.

நடுவில் விடுபட்ட நிலம்

முதுமலை 1940இல் சரணாலயமானது. 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் 9 காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சத்தியமங்கலம் காடு வீரப்பன் தேடுதல் வேட்டையின் களமாக இருந்தது. 2004இல் வீரப்பன் கொல்லப்பட்டு நான்கு ஆண்டுகள் கழித்தே அது சரணாலயமாகி, 2013இல் புலிகள் காப்பகமாயிற்று.

காடுகள் இவ்வாறு பாதுகாப்புக்குள் வந்துகொண்டிருக்க, இணைப்பு நிலத்தின் கணிசமான பகுதி பட்டா நிலமாகவே இருந்தது. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களைச் சுற்றி விவசாயிகள், இருளர், குறும்பர் வாழ்ந்தார்கள். பிறகு சுற்றுலா வந்தது. மேய்ச்சல் நிலமும் புன்செய்யும் கைமாறி, விடுதிகளும் மின்வேலிகளும் எழுந்தன. வேலி ஒன்று புதிதாக வந்தால் மந்தை பக்கத்து வயல் வழியே திரும்பும். அதன் விலையைக் கொடுப்பவர் விடுதிக்காரர் அல்லர், பக்கத்து வயல்காரர்.

யானைகள் எவ்வழி செல்கின்றன என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் அஜய் தேசாயும் அவரது குழுவினரும் 1990களில் ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்திப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 2005இல் வெளியிட்ட வழித்தடப் பட்டியலில் சீகூரைச் சேர்ந்த பல பாதைகள் இடம்பெற்றன.

வழக்கு

1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயம் உண்டு, தேசியப் பூங்கா உண்டு. யானை வழித்தடம் என்ற வகை அதில் இல்லை. பின்னர் எழுந்த வாதங்களின் முக்கிய முடிச்சு இதுதான். 'யானை' ராஜேந்திரன் என்று அறியப்படும் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையில், தமிழக அரசு 2010 ஆகஸ்ட் 31 அன்று அரசாணை 125 வழியாக வழித்தடத்தை அறிவித்தது. தனியாருக்கு இப்படி ஆணையிட அரசுக்கு என்ன அதிகாரம் என்று விடுதி உரிமையாளர்கள் கேட்டார்கள். 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆணையை உறுதிசெய்து, நிலத்தை மூன்று மாதத்தில் ஒப்படைக்கச் சொன்னது.

மேல்முறையீடு ஒன்பது ஆண்டுகள் நீண்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதியில்லாத விடுதிகளுக்கு முத்திரையிட உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, சுற்றுச்சூழலையும் காட்டுயிர்களையும் காக்கச் சொல்லும் அரசியலமைப்பின் 48ஏ, 51ஏ(ஜி) பிரிவுகளை ஆதாரமாகக் கொண்டு அரசாணையை ஏற்றது. நில உரிமையாளர்களின் தனிப்பட்ட ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைந்தது. அதில் உறுப்பினரான அஜய் தேசாய் அடுத்த மாதமே இறந்தார். 2021 ஜனவரியில் மசினகுடியில், விடுதி ஒன்றுக்கு அருகே வந்த யானைமீது எரியும் டயர் வீசப்பட்டது. காயமடைந்த அந்த யானை பின்னர் இறந்தது.

தெங்குமரஹடா

பீடபூமிக்குக் கீழே, மாயாற்றங்கரையில் உள்ளது தெங்குமரஹடா. பவானிசாகர் அணை தொடங்கிய அதே 1948இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தின் கீழ் கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்குக் காட்டு நிலம் குத்தகைக்கு விடப்பட்டு இந்த ஊர் உருவானது. காட்டைத் திருத்தி நெல் விளைவிக்கும்படி அழைத்தது அரசே. ஊர் நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் போய்வரும் வழி பவானிசாகரிலிருந்து காட்டின் ஊடாகத்தான். பேருந்து அக்கரையில் நின்றுவிடும். முதலைகள் உள்ள ஆற்றைப் பரிசலில் கடக்கவேண்டும். வெள்ளம் வந்தால் நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் கரையிலேயே காத்திருப்பார்கள்.

புலிகள் காப்பகப் பகுதிகளிலிருந்து விரும்பி வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கும் திட்டத்தில் இவ்வூரை இடம்மாற்றும் முயற்சியும் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சீகூரில் விடுதிக்காரர்கள் தங்கள் பட்டாவைக் காட்டி வாதாடினார்கள். தெங்குமரஹடாவில் மூன்று தலைமுறையாக உழுபவர்களிடம் இருப்பது குத்தகை நிலம்.